திட்டிய வாயால் வாழ்த்தலாமா? – கால்பந்து கேள்வி பதில்

கே: எங்கள் கிளப்பின் ஸ்ட்ரைக்கரை, அதாவது கோல் அடிப்பதற்கென்றே முன்னால் ஆடுபவரை, இரண்டு சீசனாக வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன். "இவனுக்குக் கொடுத்த காசைக் கடலில் போட்டிருக்கலாம்" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அவரோ தன் நாட்டுக்கு ஆடப் போனதும் கோல் மேல் கோல் போடுகிறார். எனக்கும் இப்போது அவரைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது. நண்பர்கள் பச்சோந்தி என்கிறார்கள். நான் பச்சோந்தியா?

ப: இல்லை. கண்ணெதிரே நடப்பதைப் பார்த்த பிறகும் பழைய பாட்டையே பாடிக்கொண்டிருப்பவரைவிட நீங்கள் எவ்வளவோ மேல். ஒரு நாடே உங்களைப் போல மாறியிருக்கிறது, தெரியுமா?

1982, இத்தாலி. ஸ்ட்ரைக்கர் பாவ்லோ ரோஸி சூதாட்ட வழக்கில் சிக்கி இரண்டு வருடம் தடையில் இருந்தவர். மூன்று வருடத் தடை, அப்பீலில் இரண்டானது. தான் நிரபராதி என்றுதான் அவர் கடைசிவரை சொன்னார். தடை முடிந்தது ஏப்ரல் கடைசியில், உலகக் கோப்பை தொடங்கியது ஜூன் 13-ல். இடையில் தன் கிளப்பான யுவென்டஸுக்கு ஆடியது மூன்றே ஆட்டம். பயிற்சியாளர் என்ஸோ பெயார்ஸோட் அவரை உலகக் கோப்பை நடந்த ஸ்பெயினுக்கு நேராகக் கூட்டிப்போனார். அந்த சீசனில் இத்தாலி லீக்கில் அதிக கோல் அடித்த ராபர்ட்டோ ப்ரூஸோவுக்கு அணியில் இடமே இல்லை. ஜனங்கள் சும்மா இருப்பார்களா?

முதல் சுற்றில் மூன்று ஆட்டமும் டிரா. ரோஸி கணக்கில் ஒரு கோல்கூட இல்லை. கேமரூனைவிட ஒரே ஒரு கோல் அதிகம் அடித்திருந்த புண்ணியத்தில் இத்தாலி தப்பிப் பிழைத்தது. பத்திரிகைகள் கிழித்த கிழியில் வீரர்கள் நிருபர்களோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்கள், கேப்டன் டீனோ ஸோஃப் மட்டும் வாய் திறந்தார். அடுத்து அர்ஜென்டினாவை 2-1 என்று ஜெயித்தார்கள், அதிலும் ரோஸிக்குக் கோல் இல்லை. அப்புறம் ஜூலை 5, பார்சிலோனா, எதிரே பிரேசில். ஐந்தாவது நிமிடம் கப்ரீனி ஓரத்திலிருந்து அனுப்பிய க்ராஸை ரோஸி தலையால் முட்டி உள்ளே தள்ளினார். இருபத்தைந்தாவது நிமிடம் பிரேசில்காரர்கள் தங்களுக்குள் அலட்சியமாகத் தட்டிய பந்தை இடையில் புகுந்து பறித்துக்கொண்டு போய் அடித்தார். எழுபத்துநான்கில் கார்னரிலிருந்து சிதறி வந்த பந்து. ஹாட்ரிக், 3-2. அரையிறுதியில் போலந்துக்கு எதிராக இரண்டு, இறுதியில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக ஒன்று. ஆறு கோலோடு கோப்பை, தொடரில் அதிக கோல் அடித்தவருக்கான கோல்டன் பூட், ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான அந்த வருட பாலோன் தோர் என எல்லாமே அவருக்குத்தான்.

ஜூன் மாதம் ரோஸியை வீட்டுக்கு அனுப்பச் சொன்ன அதே ஆட்கள்தான் ஜூலையில் தெருவில் இறங்கி ஆடினார்கள். யாரையும் யாரும் பச்சோந்தி என்று சொன்னதாகத் தெரியவில்லை, எல்லோரும் ஒரே நேரத்தில் நிறம் மாறினால் அதற்குப் பெயர் கொண்டாட்டம். உங்கள் பிரச்சினை, நீங்கள் தனியாக மாறியதுதான். ஒன்றே ஒன்று: "எனக்கு அப்பவே தெரியும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த வரியைச் சொன்னால் நண்பர்கள் சொல்வது சரியாகிவிடும்.

கே: அதே ஆள், அதே கால். நாட்டுக்கு ஆடினால் கோல், கிளப்புக்கு ஆடினால் கோட்டை விடுகிறார். கிளப்பில் சம்பளத்துக்கு மாரடிக்கிறார்கள் என்பதுதானே உண்மை?

ப: இதை நிறைய பேர் கேட்கிறார்கள், பாதிப்பேர் பதிலையும் சேர்த்தே எழுதிவிடுகிறார்கள். கிளப்பில் மனசு வைத்து ஆடுவதில்லை என்று சொல்வது சுலபம். ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை ஐம்பதாயிரம் பேர் முன்னால் தன்னைக் கேவலப்படுத்திக்கொள்ள எந்த ஸ்ட்ரைக்கருக்கு ஆசை இருக்கும்?

2009-10 சீசனைப் பாருங்கள். ஜெர்மனியின் மிரோஸ்லாவ் க்ளோஸா பேயர்ன் மியூனிக் கிளப்புக்காக லீக்கில் 25 ஆட்டத்தில் இறங்கி 3 கோல். அதே நாட்டின் லூகாஸ் பொடோல்ஸ்கி கொலோன் அணிக்காக 27 ஆட்டத்தில் 2 கோல். இரண்டு பேரையும் சேர்த்தாலும் ஐந்துதான். அதே சீசனில் ஷால்கவின் கெவின் குரானி 18 கோல் அடித்திருந்தார். ஆனால் அவர் 2008-ல் ஒரு ஆட்டத்தில் தன்னைச் சேர்க்காத கோபத்தில் பாதியிலேயே மைதானத்தை விட்டுக் கிளம்பிப் போனவர், ஜெர்மனி கோச் யோகாகிம் லோ அவரைத் திரும்பச் சேர்ப்பதாக இல்லை. ஃபார்மே இல்லாத இருவரைக் கட்டிக்கொண்டு அழுகிறாரே என்று லோவுக்கு ஏச்சு. 2010-ல் தென்னாப்பிரிக்க உலகக் கோப்பையில் நடந்ததோ வேறு. முதல் ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக இருவரும் ஆளுக்கொன்று, இங்கிலாந்துக்கு எதிராக மறுபடி ஆளுக்கொன்று, காலிறுதியில் அர்ஜென்டினாவுக்கு எதிராக க்ளோஸா இரண்டு. கிளப்பில் சீசன் முழுக்க மூன்று அடித்தவர் உலகக் கோப்பையில் நான்கு அடித்தார்.

காரணம் மந்திரம் இல்லை. பேயர்னில் க்ளோஸா பெரும்பாலும் பெஞ்சில் இருந்து கடைசி இருபது நிமிடத்துக்கு எழுப்பிவிடப்படுபவர். ஜெர்மனியில் அவரை நடுவில் நிறுத்தி, அவர் எந்தப் பக்கம் ஓடுவார் என்பது பல வருடமாகத் தெரிந்த ஆட்களைச் சுற்றிலும் வைத்திருந்தார்கள். பொடோல்ஸ்கி கொலோனில் முன்வரிசைக்கு வந்த பந்தையெல்லாம் தனி ஆளாக இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது, தேசிய அணியில் இடது ஓரத்தில் ஒரே வேலை. ஸ்ட்ரைக்கர் என்பவர் தானாக கோல் உற்பத்தி செய்பவர் இல்லை. பந்து எப்போது, எந்த உயரத்தில், எந்தக் காலுக்கு வருகிறது என்பதைப் பொறுத்தே பாதி கோல் முடிவாகிறது.

அடுத்தது கணக்கு. தேசிய அணிக்கு வருடத்துக்கு ஒரு பத்து ஆட்டம் இருக்கும், அதிலும் சில எதிரணிகள் பலவீனமானவை. நான்கு ஆட்டத்தில் நான்கு கோல் என்பது பார்க்க அமோகமாக இருக்கும், நாற்பது ஆட்டம் ஓடவிட்டால்தான் அசல் தெரியும். கிளப்பில் அந்த நாற்பதும் நம் கண் முன்னாலேயே ஓடுகிறது, அவர் தவறவிட்ட ஒவ்வொன்றையும் பார்த்துவிடுகிறோம்.

மூன்றாவது, விலைச்சீட்டு. தேசிய அணி யாரையும் விலைக்கு வாங்குவதில்லை. கிளப் ரசிகர் ஒவ்வொரு ஷாட்டையும் கொடுத்த கோடிகளால் வகுத்துப் பார்க்கிறார், நாட்டு ரசிகருக்கு அந்த வகுத்தலே கிடையாது. நம்ம பையன் என்ற எண்ணத்தோடு தொடங்குவதால் இரண்டு தவறினாலும் மூன்றாவதுக்குக் காத்திருப்பார்.

இதற்கெல்லாம் உச்சம் வட அயர்லாந்தின் டேவிட் ஹீலி. கிளப்பில் சுமார் ரகம், லீட்ஸ் அணியோடு சேர்ந்து கீழ் டிவிஷனுக்கு இறங்கியவர், பிறகு ஃபுல்ஹாமில் ஒரு லீக் சீசனுக்கு 4 கோல். நாட்டுக்கோ 36 கோல். 2005-ல் இங்கிலாந்தை 1-0 என்று வீழ்த்திய கோல் அவருடையது, 2006-ல் ஸ்பெயினை 3-2 என்று வீழ்த்தியபோது மூன்றும் அவருடையதே. 2008 யூரோ (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை) தகுதிச் சுற்றில் மட்டும் 13 கோல். அந்தச் சின்ன நாட்டின் அணியில் எல்லோரும் அவருக்காகவே பந்தைத் தேடினார்கள், கிளப்பில் அவர் பத்தோடு பதினொன்று.

கே: ஒரு ஷாட்கூட கோல் கம்பத்துக்குள் அடிக்காத ஸ்ட்ரைக்கர் உலகக் கோப்பை ஜெயித்தார் என்று நண்பன் பந்தயம் கட்டுகிறான். கட்டலாமா?

ப: கட்டாதீர்கள், தோற்றுவிடுவீர்கள். ஒலிவியே ஜிரூ, பிரான்ஸ், 2018. மொத்தம் 546 நிமிடம் ஆடினார். இலக்குக்கு நேராக ஒரு ஷாட் இல்லை, கோலும் இல்லை. கோப்பை மட்டும் உண்டு.

கேட்க வேண்டிய கேள்வி, பிறகு ஏன் அணியின் கோச் தீதியே தெஷாம் அவரை விடாமல் ஆடவைத்தார் என்பதுதான். அடுத்த தடவை பழைய ஆட்டம் ஏதாவது கிடைத்தால் பந்தை விட்டுவிட்டு ஜிரூவை மட்டும் பாருங்கள். பின்னாலிருந்து உயரமாக ஒரு பந்து வரும், முதுகில் ஒரு டிபென்டர் ஏறி நிற்பார், இவர் முழங்கையை அகட்டி ஆளைத் தாங்கிக்கொண்டு நெஞ்சிலோ தலையிலோ வாங்கி சக வீரர் கிரீஸ்மன் காலடியில் போட்டுவிடுவார். அதற்குள் எம்பாப்பே ஓடத் தொடங்கியிருப்பார். இன்னொரு டிபென்டரும் ஜிரூ பக்கம் இழுபட்டு வந்திருப்பார், அந்த இடைவெளிதான் எம்பாப்பேயின் நெடுஞ்சாலை. இதற்கு ஸ்கோர்போர்டில் இடம் கிடையாது.

2016 மே மாதம் நான்ட் நகரில் கேமரூனோடு நட்பு ஆட்டம். சொந்த நாட்டு ரசிகர்களே அவரைப் பார்த்து விசிலடித்துக் கேலி செய்தார்கள், அன்றைக்கு அவர் கோல் அடித்திருந்தும். உண்மைக் கோபம் அவர் மீது இல்லை, அணியில் இல்லாத கரீம் பென்ஸிமாவுக்காக. அப்புறம் 2020-ல் பென்ஸிமாவே தன்னை ஃபார்முலா ஒன் காரோடும் ஜிரூவைக் கோ-கார்ட்டோடும் ஒப்பிட்டார். ஜிரூ சண்டைக்குப் போகவில்லை. 2022 டிசம்பரில் போலந்துக்கு எதிராக 52-வது கோலைப் போட்டு தியரி ஹென்றியைத் தாண்டி பிரான்ஸின் அதிக கோல் அடித்தவர் ஆனார், 57-ல் ஓய்வு பெற்றார். விசிலடித்தவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள் என்று யாரும் எண்ணவில்லை. நான் எண்ணச் சொல்லவும் மாட்டேன்.

கே: காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறோம். மோசமாக ஆடினால் ஊளையிட உரிமை இல்லையா?

ப: உண்டு. தியேட்டரில் படம் மொக்கையாக இருந்தால் பாதியில் எழுந்து போகிற உரிமை மாதிரிதான். அதற்காக நடிகரின் வீட்டு வாசலில் போய் நிற்க முடியாதல்லவா.

ஸ்பெயினின் ஆல்வரோ மொராட்டாவைப் பற்றி வாசிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. 2021 யூரோவில் சொந்த மண்ணில், செவியாவில், ஸ்வீடனோடு 0-0. ஒரு சுலபமான வாய்ப்பை வெளியே அடித்தார், மைதானம் விசிலடித்தது. அதுவரை சரி, ஆட்டத்தில் நடந்ததற்கு ஆட்டத்திலேயே பதில். கோச் லூயிஸ் என்ரிகே அடுத்த ஆட்டத்துக்கு மொராட்டாவும் இன்னும் பத்துப் பேரும் இறங்குவார்கள் என்று பகிரங்கமாகவே அறிவித்தார். போலந்துக்கு எதிராக மொராட்டா கோல் அடித்தார், ஸ்லோவாக்கியாவுக்கு எதிராக பெனால்டியைத் தவறவிட்டார். அதற்குள் விஷயம் மைதானத்தைத் தாண்டிவிட்டது. குடும்பத்துக்கு மிரட்டல், பிள்ளைகள் சாகட்டும் என்று செய்திகள், அப்பா பெயர் போட்ட சட்டையோடு மைதானத்துக்கு வந்த குழந்தைகளைப் பார்த்துக் கத்தல். இதை அவரே வானொலிப் பேட்டியில் சொன்னார், போலந்து ஆட்டத்துக்குப் பிறகு ஒன்பது மணி நேரம் தூங்கவில்லை என்றும் சொன்னார்.

ஜூன் 28, கோபன்ஹேகன். கிரோஷியா கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் போட்டு 3-3 ஆக்கிவிட்டது. கூடுதல் நேரத்தில், நூறாவது நிமிடம், வலப்பக்கமிருந்து ஒரு பந்து உயரமாக வருகிறது. மொராட்டா அதை வலது காலால் நிறுத்தி, கீழே விழுவதற்குள் இடது காலால் மேல் வலைக்கு அறைந்தார். எல்லா விசிலுக்கும் அந்த ஒரு உதை பதில். அரையிறுதியில் இத்தாலிக்கு எதிராகச் சமன் செய்த கோலும் அவருடையதே. பிறகு பெனால்டி ஷூட்அவுட்டில் அவர் அடித்ததை கோல்கீப்பர் பிடித்தார், ஸ்பெயின் வெளியேறியது, திட்டு மறுபடி தொடங்கியது. இந்தக் கதை அங்கேயும் நிற்கவில்லை. 2024 ஜூலை 14, பெர்லினில் இங்கிலாந்தை 2-1 என்று ஜெயித்து கேப்டனாக யூரோ கோப்பையைத் தூக்கியவர் அதே மொராட்டா. அந்த வருடமே மன அழுத்தத்தோடு போராடியதை வெளிப்படையாகப் பேசினார்.

கானாவின் அசமோவா ஜியானுக்கும் இதே கதிதான். 2010 உலகக் கோப்பைக் காலிறுதியில் கடைசி நொடிப் பெனால்டியை கம்பத்தில் அடித்தார். சில நிமிடம் கழித்து ஷூட்அவுட்டில் முதல் ஆளாக நடந்து போய் அடித்து கோல் போட்டார், அந்தத் தைரியத்தை இன்று எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? 2012 ஆப்பிரிக்கக் கோப்பை அரையிறுதியில் இன்னொரு பெனால்டி தவற, வந்த வசவைத் தாங்காமல் தேசிய அணியிலிருந்து கொஞ்ச காலம் ஒதுங்கினார். பிறகு திரும்பி வந்தார். மொத்தத்தில் நாட்டுக்கு 51 கோல், உலகக் கோப்பையில் ஆறு. உலகக் கோப்பையில் அவருக்கு முன் ஆப்பிரிக்க வீரர் யாரும் அத்தனை அடித்ததில்லை.

ஊளையிடுங்கள், தொண்டை உங்களுடையது. ஆட்டம் முடிந்த பிறகு அவருக்கு, அவர் மனைவிக்கு, பிள்ளைக்கு போனை எடுத்துச் செய்தி அனுப்புகிறவரை ரசிகர் என்ற கணக்கில் சேர்க்க நான் தயாராக இல்லை.

கே: உலகக் கோப்பையில் கலக்கிவிட்டு கிளப்புக்குத் திரும்பி வருகிறவர் அதே வேகத்தில் கோல் போடுவாரா? எங்கள் ஆள் திரும்பி வரப்போகிறார், நம்பலாமா?

ப: அரைகுறையாக நம்புங்கள். பிரேசிலின் ரிச்சார்லிசன் 2022 உலகக் கோப்பையில் செர்பியாவுக்கு எதிராக அந்தரத்தில் திரும்பி அடித்த கோல் அந்தத் தொடரின் சிறந்த கோலாகத் தேர்வானது. மொத்தம் மூன்று கோல். தன் கிளப்பான டாட்டன்ஹாமுக்குத் திரும்பினார், அந்த சீசன் லீக்கில் மொத்தம் ஒரே கோல்!

ஆனால் அவர் விஷயத்தில் பின்னால் நடந்தது உங்கள் கேள்வியையே தலைகீழாக்குகிறது. 2023 செப்டம்பரில் பிரேசில் பொலிவியாவை 5-1 என்று வென்ற ஆட்டத்தில் ரிச்சார்லிசனுக்கு மட்டும் கோல் அமையவில்லை, வெளியே எடுத்ததும் பெஞ்சில் உட்கார்ந்து அழுதார். உளவியல் உதவி தேடப்போவதாக அவரே சொன்னார். எட்டு நாள் கழித்து டாட்டன்ஹாமுக்கு ஷெஃபீல்ட் யுனைடெட்டோடு ஆட்டம், 0-1 என்று பின்தங்கிய நிலையில் இவரை இறக்கினார்கள். தொண்ணூறு தாண்டி எட்டாவது நிமிடம் தலையால் ஒரு கோல், இரண்டு நிமிடம் கழித்து குலுசெவ்ஸ்கிக்கு ஒரு பாஸ், 2-1. அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த அதே மைதானம் அன்று அவரைத் தூக்கி நிறுத்தியது. அந்த சீசன் லீக்கில் 11 கோல். ஆக, நாட்டுக்கு ஆடித் தேறி கிளப்புக்கு வருவதும் உண்டு, நாட்டுக்கு ஆடி உடைந்து கிளப்பில் தேறுவதும் உண்டு.

கே: நெதர்லாந்து ஸ்ட்ரைக்கர் வெக்ஹோர்ஸ்ட் எங்கள் கிளப்பில் இருந்தாரா என்றே சந்தேகமாக இருக்கிறது. (மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன்)

ப: இருந்தார். 17 லீக் ஆட்டம், பூஜ்யம் கோல். அதற்குச் சில வாரம் முன்புதான் கத்தார் உலகக் கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராகக் கடைசிப் பத்து நிமிடத்துக்கு இறங்கி இரண்டு கோல் போட்டு உலகத்தையே உட்காரவைத்தார். அதில் இரண்டாவது, எல்லோரும் நேராக அடிப்பார்கள் என்று காத்திருந்த ஃப்ரீ கிக்கை தரையோடு இவர் காலுக்குத் தள்ளிவிட்டுப் போட்டது, பார்க்கப் பார்க்க அலுக்காது. நெதர்லாந்துக்காரர்கள் இவர் எழுந்து வார்ம்-அப் பண்ணினாலே உற்சாகமாகிவிடுவார்கள், உங்கள் ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். இவர் முக்கால்வாசி நேரத்துக்கான ஆள் இல்லை, கடைசிக் கால்வாசிக்கான ஆள். அவரைத் தொடக்கத்திலிருந்து ஆடவைத்தது உங்கள் கிளப்.

கே: கிளப்பில் சிங்கம், நாட்டுக்கு ஆடினால் பூனை என்று யாராவது உண்டா?

ப: கோன்சாலோ இகுவைனைச் சொல்லாமல் வேறு யாரைச் சொல்ல? 2015-16 சீசனில் நாப்போலிக்காக 35 லீக் ஆட்டத்தில் 36 கோல். ஆனால் அர்ஜென்டினாவில் அவர் பெயரைச் சொன்னால் 2014 உலகக் கோப்பை இறுதியில் ஜெர்மன்காரர் தவறாகத் தலையால் முட்டிக் கொடுத்த பந்தை வெளியே அடித்ததுதான் முதலில் வரும். அப்புறம் 2015, 2016 கோபா அமெரிக்கா (தென் அமெரிக்க நாடுகளின் கோப்பை) இறுதிகளில் தவறவிட்டவை. அவர் அடித்து ஜெயித்த ஆட்டங்களை யாரும் பேசுவதில்லை. நாப்போலி ரசிகர்களாவது கடைசிவரை கொண்டாடினார்களா என்றால் அதுவும் இல்லை, 2016-ல் 9 கோடி யூரோவுக்கு யுவென்டஸுக்குப் போனதும் அங்கேயும் துரோகி ஆனார். பாவம், இரண்டு பக்கமும் இடி.

கே: 2012 யூரோவில் ஆறு பேர் தலா மூன்று கோல் அடித்தும் கோல்டன் பூட் ஸ்பெயினின் டோரஸுக்கு மட்டும் எப்படிப் போனது? செல்சியில் அவர் ஆடிய லட்சணத்துக்கு இது அநியாயம் இல்லையா?

ப: செல்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 5 கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்டு, 2011-12 லீக்கில் 6 கோல் அடித்தவர் என்பது உண்மைதான். அப்போது யூரோவில் இருந்த விதி என்னவென்றால், கோல் சமமானால் கோலுக்கு உதவிய பாஸ்களைப் பார்ப்பார்கள், அதுவும் சமமானால் யார் குறைந்த நேரம் ஆடினாரோ அவருக்கு. டோரஸும் ஜெர்மனியின் மரியோ கோமெஸும் மூன்று கோல், ஒரு உதவி என்று சமமாக நின்றார்கள். டோரஸ் ஆடியது 189 நிமிடம்தான், கோமெஸ் அதைவிட அதிகம். இறுதியில் இத்தாலிக்கு எதிராகக் கடைசிக் கால் மணி நேரம் இருக்கும்போது இறங்கி ஒரு கோல் அடித்தார், இன்னொன்றை மாட்டாவுக்கு எடுத்துக் கொடுத்தார், அந்த இரண்டும் இல்லாவிட்டால் பூட் கோமெஸ் வீட்டில் இருந்திருக்கும். பெஞ்சில் உட்கார்ந்திருந்ததற்காக ஒருவருக்குப் பரிசு கிடைத்தது என்று நீங்கள் கிண்டல் செய்யலாம், நான் தடுக்க மாட்டேன்.